முன்படியில் மகள், பின்படியில் அப்பா

ஓர் அப்பாவும் அவருடைய நாலு வயது மகளும் மாநகரப் பஸ்ஸில் எந்தப் படியில் ஏற வேண்டும்? முன்படியா, பின்படியா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் சென்ற ஆண்டு பள்ளி திறந்து சில வாரங்களில், மந்தைவெளியிலிருந்து அடையாறு போகிற காலை நேரத்துப் பஸ்ஸில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியவில்லை.

எங்கள் வீடு மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மகளின் பள்ளி அடையாற்றில். என் ஆபீஸ் நந்தனத்தில். கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சிறிய பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. மழைத் தண்ணீரில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்த எங்கள் பைக் அதற்குப் பிறகு தேறவே இல்லை. அதிலிருந்து அவரும் பஸ்தான், நானும் பஸ்தான்.

மகளைப் பள்ளியில் விடுவது முதல் நாளிலிருந்தே என் வேலை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, முன்பக்கம் சீட் கிடைக்கும், அம்மாவோடு போனால் குழந்தை அழாது. இவ்வளவும் சேர்ந்து தானாகவே அப்படி ஆகிவிட்டது. மாமியாரின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வருவது, கணவரின் சட்டையைக் கடையில் மாற்றி வாங்கி வர தி.நகர் போவது, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே வாக்கியம்தான்: “லேடீஸ்க்கு ஃப்ரீதானே.” அதை அதிகம் சொன்னது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “நீங்க அலையாதீங்க, எனக்கு ஃப்ரீதானே” என்று சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிடுவேன்.

ஒரு நாள் மாலை அடையாறு பஸ் நிறுத்தத்தில் மகளோடு நின்றுகொண்டிருந்தபோது ஒரு கல்லூரிப் பெண் கையில் டேப்லெட்டுடன் வந்தாள். நகரத்தில் பெண்கள் எப்படிப் போய் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவைக்கா பஸ் ஏறுவீங்க?”

“ரெண்டு. காலையில ஆபீஸ், சாயங்காலம் வீடு” என்றேன்.

“அம்மா பொய் சொல்றா” என்றாள் மகள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, காலையில் கதவைப் பூட்டியதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, திரையில் இருந்த வரைபடத்தில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். மந்தைவெளியிலிருந்து அடையாறு. அடையாற்றிலிருந்து நந்தனம். மதியம் பாங்க். மறுபடி அடையாறு. மறுபடி மந்தைவெளி. சிக்குக் கோலம் இழுத்ததுபோல் ஆகிவிட்டது அந்தத் திரை. பிறகு, வீட்டில் மற்றவர்கள் எப்படிப் போகிறார்கள் என்றாள். கணவர் அடையாற்றில் இறங்கி, அங்கே வேறு பஸ் பிடித்து கிண்டிப் பக்கம் போவார் என்றேன்.

அவள் அந்தக் கோட்டையும் போட்டாள். போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“அக்கா, சாரோட கோடும் பாப்பாவோட கோடும் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கே. சார் எப்படியும் அடையாறுல இறங்குறாரு. நீங்க ஏன்க்கா சுத்திக்கிட்டுப் போறீங்க?”

நானும் குனிந்து திரையைப் பார்த்தேன். ஒரு வருஷமாக நானும் அவரும் ஒரே திசையில், பத்து நிமிட இடைவெளியில், இரண்டு பஸ்களில் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பேருமே படித்தவர்கள் வேறு!

அன்று இரவு அவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “நான்தான் எப்பவோ கேட்டேனே, நீ வேணாம்னுட்டே” என்றார். கேட்டாராம். எனக்கு நினைவில்லை. கேட்டிருப்பார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாள் நான் கொடுத்த குறிப்புகளைக் கேட்டு, “எழுதிக் குடுத்துடு, கையெழுத்து போட்டுத் தர்றேன்” என்றார். தண்ணீர் பாட்டில் மூடி இறுகியிருக்கிறதா பார்க்க வேண்டும், ஜன்னலுக்கு வெளியே கை நீட்ட விடக் கூடாது, பாலம் வந்ததும் தூங்கிவிடுவாள், எழுப்ப வேண்டும். எல்லாம் சொன்னேன். ஒன்றைத் தவிர. அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. நான் நேராக நந்தனம் போனேன். ஆபீஸில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஒரு நாள் இரவு சாப்பிடும்போது மகள் சொன்னாள், “இன்னிக்கு அப்பா எங்கயோ நின்னாரு. நான் ஒரு ஆன்ட்டி மடியில ஒக்காந்துட்டுப் போனேன்.”

“எந்த ஆன்ட்டி?”

“தெரியாது. பச்சைப் புடவை.”

அவர் மோர் ஊற்றிக்கொண்டே, “கூட்டம்மா. இடம் குடுத்தாங்க” என்றார். அவ்வளவுதான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸில் யாராவது குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் ஊரில் தினமும் நடப்பது. நானே எத்தனை குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ‘எங்கயோ நின்னாரு’ என்ற சொல் இரவு முழுவதும் என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் காலையில் நான் செய்த காரியத்தைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. “ஆபீஸ்ல சீக்கிரம் வரச் சொல்லியிருக்காங்க” என்று அவர்களுக்கு முன்பே கிளம்பினேன். மருந்துக் கடை ஓரமாக நின்று மாஸ்க் போட்டுக்கொண்டேன். துப்பட்டாவைத் தலையைச் சுற்றிக் கட்டி, நழுவாமல் இருக்க ஒரு பின்னும் குத்தினேன். வெயிலுக்கும் தூசிக்கும் எல்லாப் பெண்களும் செய்வதுதான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பஸ் வந்தது. அவர் மகளைத் தூக்கி முன்படியில் ஏற்றி, பின்னாலேயே ஏறினார். கடைசியாக நான் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் நெரிசலில் மறைந்து நின்றுகொண்டேன்.

இடதுபக்கம் ஒரு லேடீஸ் சீட் காலியாக இருந்தது. அவர் அதில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டார். அவர்களுக்குள் ஒரு விளையாட்டு இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஹெல்மெட் போட்ட ஆள் போனால் அவளுக்கு ஒரு பாயிண்ட், போடாத ஆள் போனால் அவருக்கு. “அப்பா, நீங்கதான் ஜெயிக்கிறீங்க” என்று அவள் வருத்தப்பட்டாள். என்னோடு வருகிற நாட்களில் இப்படி எதுவும் விளையாடியதில்லை. நான் பாட்டில் மூடியைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன். கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் மீன் விற்கும் ஒரு பெண் அலுமினியக் கூடையோடு ஏறினார். என் வயதுதான் இருக்கும். கூடையை முன்படி ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தவர், என் கணவரைப் பார்த்தார்.

“இன்னா நைனா, லேடீஸ் சீட்டுல ஜம்முனு குந்திக்கினு கீற?”

“குழந்தை இருக்கும்மா, அதான்.”

“கொயந்த லேடீஸு, அது குந்தட்டும். நீ இன்னா லேடீஸா?”

பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், “விடுங்கக்கா பாவம். நம்ம வீட்டு ஆம்பளைங்க எவன் புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ்ல வர்றான்? வந்த ஒருத்தரையும் எழுப்புறீங்களே” என்றாள்.

“புள்ளயத் தூக்கிக்கினு வந்தா மாலை போடணுமா? நான் மூணு புள்ளய இட்டுக்கினு போறேன், எனக்கு எவன் எந்திரிச்சான்?”

அது எனக்கும் தெரிந்த கதைதான். ஏழாவது மாதத்தில் நந்தனம்வரை நின்றுகொண்டே போயிருக்கிறேன். லேடீஸ் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஆளைக் குரல் உயர்த்தாமல், வெறும் பார்வையாலேயே எழுப்பியிருக்கிறேன். அந்தப் பெண் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எழுந்து நின்ற மனிதரின் காது சிவந்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அவர் மகளை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார். மீன்காரப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கணவர் அங்கேயே நிற்கத்தான் பார்த்தார். ஆனால் ஏறுகிற பெண்கள் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். “சார், கொஞ்சம் பின்னாடி போங்க சார்” என்று ஒருவர். “ஜென்ட்ஸ்லாம் பின்னாடி போ, பின்னாடி போ” என்று கண்டக்டரின் விசில். ஒவ்வொரு அடியாக அவர் பின்னால் போனார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை திரும்பி மகளைப் பார்த்தார். அடையாற்றுப் பாலம் வருவதற்குள் எனக்கு அவருடைய தலைகூடத் தெரியவில்லை. கூட்டத்துக்கு மேலே ஒரு கை மட்டும் உயர்ந்து விரல்களை ஆட்டியது. மகள் சீட்டில் முழங்காலிட்டுத் திரும்பி, தன் கையை ஆட்டினாள்.

அப்போதே நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளிடம் நின்றிருக்க வேண்டும். ‘நம்பாமல் பின்னாலேயே வந்திருக்கிறாள்’ என்று அவர் நினைப்பாரே என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அடையாறு வந்தது. பாதி பஸ் இறங்குகிற இடம். மகள் எழுந்தாள். பையை மாட்டிக்கொண்டாள். பின்னால் ஒருமுறைகூடப் பார்க்காமல், பெண்களின் கூட்டத்தோடு முன்படிக்கு நடந்தாள். பின்பக்கத்திலிருந்து “பாப்பா, அங்கேயே இரு! அப்பா வர்றேன்!” என்று அவர் குரல் கேட்டது. எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவே ஆறேழு பேர். “விடுங்க, விடுங்க” என்று நான் நகர்வதற்குள் அவள் படியில் இருந்தாள். வெளியே ஆட்டோக்கள், இன்னொரு பஸ், ஓடுகிற ஜனம்.

மீன்கார அம்மா ஒரு கையால் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு கையால் மகளை இறக்கி நிறுத்தினார். “உங்கப்பாரு பின்னாடி கீறாரு. உங்கம்மா எங்க கண்ணு?”

“அம்மா வரல.”

நான் குதித்து இறங்கி, பின்னாலிருந்து மகளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். அவள் திரும்பினாள். மாஸ்க்கும் துப்பட்டாவுமாக ஒரு உருவத்தைப் பார்த்து வீறிட்டாள்.

அடுத்த நொடி என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. “ஏய், யார்மே நீ? புள்ளய உடு!”

“நான்தான்... நான் அவ அம்மா...”

“அம்மா வரலன்னு புள்ளயே சொல்லுது, நீ அம்மாவா? மூஞ்சக் காட்டு! ஏய், புடிங்கம்மா இத்த!”

நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பஸ்ஸில் என் கணவருக்காகப் பரிந்து பேசிய பெண்தான் முதலில் என் பையைப் பிடித்தாள். ஒரு கையை மீன்கார அம்மா விடவில்லை. இன்னொரு கையால் மாஸ்க்கை இழுத்தால் நாடா துப்பட்டாவில் குத்திய பின்னில் மாட்டிக்கொண்டது. மாஸ்க்குக்குள்ளிருந்து நான் சொன்னது கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து, அந்த அம்மாவின் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அரை நிமிடம்தான் இருக்கும். அந்த அரை நிமிடத்தை நான் மறக்க முடியாது.

பின்படியில் இறங்கி ஓடி வந்தார் அவர். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. “பாப்பா!” என்று அவளை வாரித் தூக்கினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். துப்பட்டாவைப் பார்த்தார். போன தீபாவளிக்கு அவர் வாங்கிக் கொடுத்தது.

“நீயா?” என்றார்.

நாடா அறுந்து மாஸ்க் கையோடு வந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மா, நீ ஏன் திருடி மாதிரி வந்தே?” என்றாள்.

மீன்கார அம்மா என் கையை விடவில்லை. அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது உன் சம்சாரமா நைனா?”

“ஆமாம்மா.”

“மெய்யாலுமா? நல்லாப் பாத்துச் சொல்லு.”

“மெய்யாலும்தாம்மா.”

அதன்பிறகுதான் கையை விட்டார். விட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “புள்ளய அனுப்பிட்டு ஒளிஞ்சிக்கினு வந்தியா? தாலிய வெளியப் போட்டுக்கினு, மூஞ்சியக் காட்டிக்கினு வந்தா இன்னா? நான் மட்டும் கைய உட்டிருந்தேன்னா இவளுங்க உன்னிய ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிருப்பாளுங்க.” பிறகு என் கணவரிடம், “பாத்துக்கினு நிக்கிற? ஒரு கை குடு” என்றார். சற்றுமுன் அந்த அம்மாதான் அவரைச் சீட்டிலிருந்து எழுப்பியது. அவர் குனிந்து கூடையைத் தூக்கி அந்த அம்மாவின் தலையில் ஏற்றிவிட்டார். கூடை கொஞ்சம் சாய்ந்து அவர் சட்டையில் ஐஸ் தண்ணீர் கொட்டியது. “போ, இன்னிக்கு உன் ஆபீஸ்ல எல்லாரும் பூனையா வந்து நிப்பானுங்க” என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா சந்தைப் பக்கம் நடந்தார்.

பள்ளிக்கு மூன்று பேரும் நடந்தோம். வழியில் மகளிடம் கேட்டேன், “அப்பா வர்றதுக்குள்ள ஏன் இறங்கினே?”

“நீதானே சொன்னே? நம்ம படி முன்படி. பின்படி ஜென்ட்ஸ் படி, அங்க போகவே கூடாதுன்னு.”

நான் அவரிடம் சொல்லாமல் விட்டது இதுதான். ஒரு வருஷமாக அவளுக்குப் பாட்டுப்போலச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எனக்கு அது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டதால், அவருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவளுக்கு அவர் அப்பா. பஸ்ஸில் அவர் ஜென்ட்ஸ். அவள் சொன்னபடி கேட்டாள். அவர் பின்னால் தள்ளப்பட்டார். தவறு செய்தது நான்.

அவளை விட்டுவிட்டு வெளியே வந்ததும், “நாளையிலேர்ந்து நானே கூட்டிட்டு வர்றேங்க” என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஈரச் சட்டையை உதறிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னார். “லேடீஸ் பக்கம் நின்னா திட்டு வாங்கறேன். ஜென்ட்ஸ் பக்கம் போனா என் கைக்கு அவ எட்டல. எங்க நிக்கணும்னு எனக்கே இன்னும் பிடிபடல. ஆனா நீ இதைக் கத்துக்க ஒரு வருஷம் ஆச்சு. எனக்கு இன்னும் பத்து நாள்கூட ஆகலையே.”

பிறகு, “அந்த ஹெல்மெட் விளையாட்டுல அவ இன்னும் ஒரு நாள்கூட ஜெயிக்கல தெரியுமா?” என்றார்.

அன்று ஆபீஸில் மணிக்கட்டில் மீன் வாசனை. இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவினேன். மூன்றாம் தடவை குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் மூடிவிட்டேன். யாரென்று தெரியாத பிள்ளைக்காக, இன்னொரு பெண்ணின் கையை எலும்பு வலிக்கப் பிடித்த கை அது. அந்தப் பஸ்ஸில் என் மகளுக்கு என்னைவிட நல்ல காவல் இருந்திருக்கிறது.

மறுநாளும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். இன்றும் அவர்தான். ஒரு கண்டக்டர், “பாப்பாவ முன்னாடி ஏத்திட்டு நீ பின்னாடி ஏறு சார்” என்கிறார். இன்னொருவர், “புள்ளைய ஏன் சார் தனியா விடுற, ஜென்ட்ஸ் சைடுல ஒக்கார வை” என்கிறார். அந்தக் கணக்கெடுக்கும் பெண்ணை மறுபடி பார்த்தபோது கேட்டேன். “எங்க ஃபார்ம்ல அதுக்கு இடமே இல்லக்கா” என்று அவளும் கையை விரித்தாள். குழந்தையோடு வரும் அப்பாவுக்கு நடுவில் ஒரு சீட் வேண்டும் என்று போக்குவரத்துக் கழகத்துக்கு மூன்று தடவை கடிதம் எழுதினேன், மூன்று தடவையும் கிழித்தேன். அந்த ஒரு சீட்டை யாரிடமிருந்து எடுப்பார்கள்? மூன்று பிள்ளைகளோடு நின்றுகொண்டு போனேன் என்று சொன்னாரே, அவரிடமிருந்தா?

நான் இப்போது யாரையும் பின்தொடர்வதில்லை. நேராக நந்தனம் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். மகளைப் பள்ளிக்குள் அனுப்பியதும் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அதற்குள் என் பஸ் ஆழ்வார்ப்பேட்டையைத் தாண்டிவிடும். அதுவரை போன் கையில்தான் இருக்கும். சீட் கிடைத்தாலும் உட்காரத் தோன்றாது. அவர் தானாகவே கற்றுக்கொள்ள நான் இடம் விட வேண்டும் என்பது அன்று அடையாற்றில் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒவ்வொரு காலையும் செய்வதுதான் கடினமாக இருக்கிறது. பிள்ளையை அதன் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிய அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், அந்த அரை மணி நேரத்தை நீங்கள் எப்படிக் கடக்கிறீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.